ஒரே ஊசியில முடியாதா? தாத்தா கேட்ட கேள்வியின் வரலாறு

என் தாத்தாவுக்கு புராஸ்டேட் கேன்சர். மூணு மாசத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி. தேதி நெருங்கினாலே யார் கூட்டிட்டுப் போறது, பணம் யார் தர்றதுன்னு வீட்டுல பேச்சு ஆரம்பிச்சிடும். "ஒரே ஊசியில முடிச்சிட முடியாதாடா?"ன்னு ஒருநாள் கேட்டார். அதே கேள்வியை விஞ்ஞானிகளும் கேட்டிருக்காங்க. இன்னிக்கு அந்தக் கதைதான்.

1941. டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தினால் புராஸ்டேட் புற்றுநோய் பின்வாங்கும் என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966-ல் நோபல் பரிசு. ஆனா அப்போ முக்கியமான வழி, விதைகளையே ஆபரேஷன் பண்ணி எடுக்கிறது.

1971-ல் ஆண்ட்ரூ ஷாலியின் குழு, லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளின் மூளைப் பகுதிகளை அரைச்சு, எல்.எச்.ஆர்.எச். ஹார்மோனின் அமைப்பைக் கண்டுபிடிச்சாங்க. வெறும் பத்து அமினோ அமிலம். டெஸ்டோஸ்டிரோன் உற்பத்திக்கான உத்தரவு மூளையிலிருந்து இதன் வழியாத்தான் போகுது. உத்தரவு விட்டு விட்டு வரணும். ஓயாம வந்தா பிட்யூட்டரி சுரப்பி காதைப் பொத்திக்கும்; உற்பத்தி நின்னுடும்.

அதுதான் மருந்தாச்சு. முதல்ல தினமும் ஊசி. பிறகு, தானே கரையுற தையல் நூல் வகைப் பாலிமரில் நுண்ணிய உருண்டைகள் செஞ்சு, மருந்தை உள்ளே அடைச்சாங்க. அது உடம்புல மெதுவா கரைய, மருந்து கசியும். 1989-ல் அமெரிக்காவில் மாதம் ஒரு ஊசிக்கு அனுமதி கிடைத்தது. தாத்தா போட்டுக்கிட்டது அந்தப் பரம்பரைதான்.

டெல்லி தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தின் முதல் இயக்குநர் ஜி.பி.தல்வார் வேறு வழியில் யோசித்தார். அந்த ஹார்மோனுக்கு எதிரா உடம்பையே ஆன்டிபாடி செய்ய வெச்சா? சொந்த ஹார்மோனை உடம்பு எதிரியா பார்க்காது. அதனால டிப்தீரியா டாக்ஸாய்டு மாதிரி, உடம்பு அந்நியமா பார்க்கிற புரதத்தோட ஒட்டினாங்க. இந்தியாவிலும் ஆஸ்திரியாவிலும் புராஸ்டேட் புற்றுநோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆன்டிபாடி நல்லா ஏறினவங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கியது. எல்லாருக்கும் அப்படி ஏறலை.

இதுக்குப் பல டோஸ் வேணும். கரையும் உருண்டைக்குள்ள தடுப்பூசியை வெச்சா, ஒரே ஊசியே பூஸ்டர் வேலையையும் செய்யுமே? விலங்குகளில் முயன்றார்கள். சிக்கல் என்னன்னா, பாலிமர் கரையும்போது உள்ளே அமிலம் சேரும், புரதம் கெட்டுப்போகும். சின்ன மருந்து தாங்கின இடத்துல பெரிய புரதம் தாங்கலை.

இந்த வகைத் தடுப்பூசி பன்றிகளுக்கு நிஜமாவே சந்தைக்கு வந்தது. ஆண் பன்றி இறைச்சியில வர்ற நாத்தத்தைத் தவிர்க்க, இம்ப்ரோவாக். அதுவும் ரெண்டு டோஸ்.

இன்னொரு விஷயம். டெஸ்டோஸ்டிரோன் இறங்கினா உடம்பு திடீர்னு சூடேறும், எலும்பு தேயும். தேவைப்பட்டா டாக்டர் அடுத்த ஊசியைத் தள்ளிப்போடலாம். உடம்பே செய்யுற ஆன்டிபாடியை நினைச்ச நேரத்துல நிறுத்த முடியாது.

இது எதுவும் அன்னிக்கு எனக்குத் தெரியாது. "டாக்டர்கிட்ட கேட்கலாம் தாத்தா"ன்னு சொல்லிட்டு ஆட்டோ பிடிக்கப் போயிட்டேன். உங்க வீட்டுலயும் தாத்தா, அப்பா யாராவது இந்த ஊசி போட்டுக்கிட்டா, அடுத்த தடவை கூடப் போங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.