திருப்பி அனுப்பிய தீர்ப்பு: வழக்காற்று மணமுறிவும் வட்டார வழக்கறிஞரும்

இந்து திருமணச் சட்டம், 1955-இன் 29(2) பிரிவு, வழக்காற்றால் ஏற்கப்பட்ட மணமுறிவு உரிமையைத் தொடாமல் விட்டிருக்கிறது. நீதிமன்றத்தின் தீர்ப்பாணை இல்லாமலே மணம் முறியக்கூடிய ஒரே வழி இது. இந்தப் பிரிவு உயிரற்ற எச்சம் என்றும், ஊர் முன்னிலையில் எழுதப்படும் மணமுறிவுப் பத்திரத்துக்குச் சட்ட மதிப்பே கிடையாது என்றும் கொள்வது இன்றைய ஆய்வுகளில் ஒரு வலுவான போக்கு. அந்தப் போக்கு தனக்கு அரணாகக் கொள்வது உச்ச நீதிமன்றம் 2002-இல் ஜாதவ் வழக்கில் அளித்த தீர்ப்பை. அந்தத் தீர்ப்பு இறுதிவரை வாசிக்கப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அது கதவை அடைக்கவில்லை. ஒரு வேலையைச் சுமத்தியது. அந்த வேலையைச் செய்ய வல்லவர் வட்டாரத்தை அறிந்த வழக்கறிஞர்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ‘அத்துவிட்டாச்சு’ என்று ஊரார் பேசும் பிரிவுகள் சிலவற்றுக்கு மிஞ்சும் ஒரே அடையாளம் ஒரு முத்திரைத்தாள். பெரியவர்கள் முன்னிலையில் நகையும் பாத்திரமும் திரும்பக் கைமாறுகின்றன. மறுமணத்துக்கு ஒருவரையொருவர் தடுக்க மாட்டோம் என்று எழுதி இரு தரப்பும் கையொப்பமிடுகின்றன. பல ஆண்டுகள் கழித்து வாரிசுச் சான்றிதழிலோ, குடும்ப ஓய்வூதியத்திலோ, ஜீவனாம்ச மனுவிலோ சிக்கல் எழும்போதுதான் அந்தத் தாள் வழக்கறிஞரின் மேசைக்கு வருகிறது. ‘செல்லாது’ என்று ஒரே சொல்லில் விடை சொன்னால் அதன் விளைவு கடுமையானது. முதல் மணம் தொடர்கிறது. இரண்டாவது மணம் 11-ஆம் பிரிவின்படி செல்லாததாகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவு இருதார மணக் குற்றமாக எதிரே நிற்கிறது. அந்த மணத்தில் பிறந்த பிள்ளைகளை மட்டும் இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு காக்கிறது.

ஜாதவ் வழக்கில் மனைவி, தன்னிடமிருந்து பெறப்பட்ட மணமுறிவுப் பத்திரம் செல்லாது என அறிவிக்கக் கோரினார். பத்திரம் வற்புறுத்தலில் எழுதப்பட்டதா என்பதைப் பற்றியே கீழ் நீதிமன்றங்களில் வாதம் நடந்தது. அப்படியொரு பத்திரத்தால் மணத்தை முறிக்கும் வழக்கம் அத்தம்பதியின் சமூகத்தில் உண்டா என்ற கேள்வியை எவரும் எழுப்பவில்லை. பொதுச் சட்டத்துக்கு விலக்கான வழக்காற்றைத் தனியே எடுத்துரைக்க வேண்டும், சாட்சியத்தால் மெய்ப்பிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். மேற்கோள்கள் பெரும்பாலும் இந்த வாக்கியத்தோடு நின்றுவிடுகின்றன. தீர்ப்போ மேலே செல்கிறது. வழக்கை விசாரணை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்புகிறது; வழக்காறு உண்டா என்ற எழுவினாவை வகுத்து, இரு தரப்புக்கும் அதை நிறுவவும் மறுக்கவும் வாய்ப்பளிக்கச் சொல்கிறது. பத்திரம் தன்னளவிலேயே செல்லாது என்று நீதிமன்றம் கருதியிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டிய தேவையே எழுந்திராது. மனுவை அப்போதே முடித்திருக்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் 2005-இல் அதே உச்ச நீதிமன்றம் வழக்காற்று மணமுறிவை ஏற்க மறுத்தது உண்மை. ஆனால் அங்கும் விதி மாறவில்லை. உரிய முறையில் எடுத்துரைத்து மெய்ப்பிக்கவில்லை என்பதே மறுப்பின் அடிப்படை. இரண்டையும் சேர்த்து வாசித்தால் கிடைப்பது வழக்காற்றின் மரணச் சான்று அன்று. எதிர்வாதத்திலும் மனுவிலும் என்ன எழுத வேண்டும் என்பதற்கான இலக்கணம்.

சட்டத்தின் 4-ஆம் பிரிவு பழைய வழக்காறுகள் அனைத்தையும் நீக்கிவிட்டதே என்பது மறுதரப்பின் அடுத்த வாதம். அப்பிரிவு, இச்சட்டத்தில் வெளிப்படையாக வேறுவிதம் கூறப்பட்டிருந்தாலன்றி என்ற வரையறையோடுதான் தொடங்குகிறது. 29(2) அந்த வெளிப்படையான கூற்று. 1949-ஆம் ஆண்டின் சென்னை மாகாண இருதாரத் தடை, மணமுறிவுச் சட்டத்தை 1955-இன் சட்டம் நீக்கியது, வழக்காற்றை நீக்கவில்லை. எழுதிய சட்டத்தை ஒதுக்கிவிட்டு எழுதாத உரிமையைக் காத்த இந்தத் தேர்வைத் தற்செயல் என்று கொள்ள இயலாது.

இங்கே 3(அ) பிரிவின் சொற்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். வழக்காறு நிலவக்கூடிய களங்களாக அது ஐந்தைச் சொல்கிறது: வட்டாரம், பழங்குடி, சமூகம், குழு, குடும்பம். நீண்ட காலம், இடையறாமல், ஒரே சீராகக் கைக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும்; உறுதியானதாகவும், நியாயமற்றது ஆகாததாகவும், பொதுக்கொள்கைக்கு எதிரற்றதாகவும் இருக்க வேண்டும். ஆனால் மேல் நீதிமன்றங்களுக்கு வரும் வழக்குகளில் ‘எங்கள் சாதியில்’ என்றே வழக்காறு சொல்லப்படுகிறது. ஒரு சாதி பல மாவட்டங்களில் பரந்திருக்கும்போது ஒரே சீரான வழக்கத்தை நிறுவுவது ஏறக்குறைய முடியாத காரியம். 3(அ)-வின் முதல் களம் வட்டாரம். 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியது முதல் ஆலை வேலையும், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி நெசவும் பல சமூகத்தாரை ஒரே தொழிலிடத்தில் சேர்த்திருக்கும் பகுதி இது. இத்தகைய இடத்தில் வட்டார வழக்காறாகவோ, இன்னும் குறுக்கிக் குடும்ப வழக்காறாகவோ எடுத்துரைப்பது சட்டத்தின் சொற்களுக்கு உட்பட்டதே. எல்லா வழக்கிலும் இது வெல்லும் என்று சொல்லவில்லை. முயலப்படாத வழி என்பதால் இல்லாத வழி ஆகிவிடாது.

மெய்ப்பிப்பது எப்படி? 1868-இல் இராமநாதபுரம் ஜமீன் தத்து வழக்கில் பிரிவி கவுன்சில், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் எழுதிய நூலை விஞ்சும் என்றது. காலனிய அதிகாரி நெல்சன் மதுரை நாட்டைப் பற்றிய தம் கையேட்டை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். வடமொழி நூல்களின் சட்டத்தைத் தமிழ்ச் சமூகங்கள் மேல் சுமத்துவதை அவர் பின்னர் 1877-இல் கடுமையாக எதிர்த்தார். துரும்பு கொடுத்து மணத்தை முறிக்கும் மதுரைப் பகுதி வழக்கத்தைக் காலனியக் கால இனவரைவுகள் பதிந்துள்ளன. அப்பதிவுகள் அயலார் பார்வையில் எழுதப்பட்டவை; மதுரையில் பதிந்ததை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நீட்டவும் முடியாது. அவை துணைச் சான்று மட்டுமே. முதன்மைச் சான்று வேறு இடத்தில் இருக்கிறது. வழக்காற்றை அறிந்திருக்கக் கூடியவர்களின் கருத்தைப் பழைய சாட்சியச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு ஏற்றது. வழக்காறு கைக்கொள்ளப்பட்ட முன் நிகழ்வுகளை 13-ஆம் பிரிவு ஏற்றது. 2023-இன் புதிய சட்டமும் இவற்றைக் கைவிடவில்லை. ஆகவே வேண்டியவை: முந்தைய பத்திரங்கள், அவற்றின்பின் நடந்த மறுமணங்கள், அம்மறுமணங்களை ஊர் ஏற்றதற்கான அடையாளங்கள், சாட்சி சொல்லத்தக்க முதியவர்கள்.

இவற்றை எங்கே தேடுவது என்பதும் வட்டார அறிவுதான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதி 1910 வரை திருநெல்வேலி மாவட்டம், பிறகு இராமநாதபுரம், 1985 முதல் இன்றைய விருதுநகர் மாவட்டம். மாவட்ட நீதிமன்றமோ விருதுநகரில் இல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை ஆவணங்கள் மூன்று மாவட்டங்களின் பெயரில் சிதறியிருக்கக் கூடும். எந்தப் பெரியவரின் சொல் குறுக்கு விசாரணையில் நிற்கும், எந்தப் பத்திரம் மிரட்டலில் எழுதப்பட்டது என்பதை அறிந்தவர் தாலுகா நீதிமன்றத்தில் நாளும் நிற்பவரே. உள்ளூர் வழக்கறிஞரை வெறும் இடைத்தரகராகக் காணும் ஆய்வுகள் இந்த உழைப்பைக் கணக்கில் கொள்ளவில்லை. கட்டண ஆசையில் அவர் வழக்கை வளர்ப்பார் என்ற குறையை இங்கே விரித்துப் பேச வேண்டியதில்லை. கட்டணச் சுமையைப் பொறுத்தவரை, 1987-இன் சட்டப் பணிகள் அதிகாரச் சட்டம் வருமான வரம்பின்றிப் பெண்கள் அனைவருக்கும் இலவச சட்ட உதவிக்குத் தகுதி அளித்திருக்கிறது.

கனமான மறுப்பு ஒன்று உண்டு. வழக்காற்றுக்கு இடம் கொடுத்தால் கட்டப் பஞ்சாயத்துக்கு இடம் கொடுத்ததாகும். பெண் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்க மிரட்டப்படுவாள். 2011-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்தைக் கண்டித்தது சரியே. ஆனால் 29(2) எதைக் காக்கிறது? மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமையை மட்டும். பத்திரத்தில் அதோடு சேர்த்து எழுதப்படும் ஜீவனாம்ச விலக்கு அந்தக் காப்புக்குள் வராது. மணமுறிவு பெற்று மறுமணம் செய்யாத பெண்ணைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு மனைவியாகவே கொண்டது; அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவும் அவ்வாறே. மனமொத்த மணமுறிவு அவளது ஜீவனாம்சத்தைப் பறிக்காது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தெளிவாக்கியது. 2025 ஜனவரியில், முதல் கணவரைப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தால் மட்டுமே பிரிந்து, தீர்ப்பாணை பெறாத ஒரு பெண்ணுக்கு இரண்டாம் கணவரிடமிருந்து ஜீவனாம்சம் உண்டு என்றும் அது தீர்ப்பளித்தது. முறிவையும் விலக்கையும் பிரித்து வாசித்தால் மறுப்பின் கூர் மழுங்கிவிடுகிறது. பத்திரம் எழுதும் நாளிலேயே ஒரு வழக்கறிஞர் இதைச் சொல்லியிருந்தால் அந்த விலக்கு வரி எழுதப்பட்டே இராது.

இவ்வழியில் இழப்பும் உண்டு. இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தரும் நிரந்தர ஜீவனாம்சம் தீர்ப்பாணையோடு பிணைந்தது. வழக்காற்று முறிவில் தீர்ப்பாணை இல்லை. ஆகவே இன்று பிரிய விரும்பும் தம்பதிக்கு 13-ஆ பிரிவின் மனமொத்த மனுவே பாதுகாப்பானது. ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் தளர்த்தலாம் என்று 2017-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே எழும் கேள்வி ஏற்கெனவே பிரிந்து, மறுமணம் செய்து, பிள்ளை பெற்றவர்களைப் பற்றியது.

1984-இன் குடும்ப நீதிமன்றச் சட்டம் 14-ஆம் பிரிவால் சாட்சிய விதிகளைத் தளர்த்தி, பதிவாகாத தாளுக்கும் இடம் தந்தது. அதே சட்டம் 13-ஆம் பிரிவால் வழக்கறிஞர் வைத்துக்கொள்வதை உரிமையாக்க மறுத்தது. வழக்கறிஞரின்றிச் சமரசம் எளிதாகும் என்ற நம்பிக்கை அதற்குப் பின்னால் இருந்தது. ஆனால் எடுத்துரைத்து மெய்ப்பி என்று 2002-இல் சுமத்தப்பட்ட கடமையை, விசைத்தறியில் வேலை பார்க்கும் ஒரு பெண் தனியே எப்படி நிறைவேற்றுவாள்? 29(2) எழுப்பப்படும் ஒவ்வொரு வழக்கிலும் வழக்கறிஞர் அனுமதியை இயல்பாக வழங்க வேண்டும். இல்லையேல் நீதிமன்றத்துக்கு உதவும் வழக்கறிஞரை அமர்த்த வேண்டும். அதற்கு இடம் 13-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதைச் செய்யாமல் வழக்காறு மெய்ப்பிக்கப்படவில்லை என்று மனுவைத் தள்ளுவது, சட்டம் கொடுத்த உரிமையை நடைமுறையால் பறிப்பதாகும்.