மூலையில் குந்திய முதியோனும் மறக்கப்பட்ட ஒரு பெண் எழுத்தாளரும்

ஒரு சமூகத்தின் புனைகதை வரலாற்றை ஆராய்பவர், தொடக்க நூலின் ஆசிரியர் எவர் என்பதோடு அமைதல் போதாது. அந்நூல் எங்கிருந்து வடிவம் பெற்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். மலையகத் தமிழ்ப் புனைகதையின் தொடக்க முயற்சிகளுள் ஒன்று, கோ. நடேசய்யர் 1924ஆம் ஆண்டளவில் எழுதிய ‘மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்’ ஆகும். இத்தலைப்பின் முற்பகுதி, பரோனஸ் ஆர்சி என்ற பெண் எழுத்தாளரின் துப்பறியும் கதைத்தொகுதி ஒன்றின் பெயருக்கு நேரான தமிழாக்கமாக அமைந்துள்ளமை நோக்கத்தக்கது.

எம்மா ஆர்சி 1865இல் ஹங்கேரியில் நிலவுடைமைக் குடும்பமொன்றிற் பிறந்தார். குடியானவர் கிளர்ச்சிக்கு அஞ்சி 1868இல் அக்குடும்பம் தன் பண்ணையை விட்டு வெளியேறியது. 1880இல் இலண்டனை அடைந்த ஆர்சி, விக்டோரியா அரசியின் ஆட்சி முடியுந் தறுவாயில் எழுதத் தொடங்கினார். 1901 முதல் முதியோன் கதைகள் சஞ்சிகையில் வெளிவந்தன; 1910இல் பெண் துப்பறிவாளர் ஒருவரைத் தலைவியாகக் கொண்ட கதைகளையும் அவர் வெளியிட்டார். எனினும், 1905இல் வெளிவந்த ‘ஸ்கார்லெட் பிம்பர்னெல்’ என்னும் காதலும் வீரமும் கலந்த நாவலே அவர் பெயரை நிலைநிறுத்தியது. துப்பறியும் கதையாசிரியரான ஆர்சியைப் பொதுவாசகர் பெரிதும் மறந்தனர்.

அவருடைய முதியோன் இலண்டன் தேநீர்க்கடையொன்றின் மூலையில் அமர்ந்து, கயிற்றில் முடிச்சிட்டவாறே குற்றங்களின் மர்மத்தை ஓர் இளம் பெண் பத்திரிகையாளருக்கு அவிழ்த்துக் காட்டுபவன். கண்டறிந்த உண்மையை அவன் காவற்றுறையிடம் கூறுவதில்லை. அறிவின் வெற்றியே அவனுக்குப் போதுமானது. டயகம போன்ற மலைத்தோட்டங்களிற் பறிக்கப்பட்ட கொழுந்து தேயிலையாகி இலண்டன் சந்தையை அடைந்த காலம் அது. ஆயின், அக்கொழுந்தைப் பறித்த கரங்களின் துயரம் எந்தத் துப்பறிவாளனின் ஆய்வுக்கும் உட்படவில்லை.

நடேசய்யரின் நிலை வேறு. புடைவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குட் சென்று தொழிலாளர் நிலையை நேரிற் கண்டறிந்தவர் அவர். கண்டதைப் பத்திரிகையில் எழுதினார், சட்டசபையிற் பேசினார், 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். உழைப்போரின் கிளர்ச்சிக்கு அஞ்சிய குடும்பத்துப் பெண் படைத்த பாத்திரத்தின் பெயர், உழைப்போரை ஒன்றுதிரட்டியவரின் நூலுக்குத் தலைப்பானது வரலாற்றின் வியத்தகு முரண் எனலாம்.

ஆர்சியும் நடேசய்யரும் 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். வெகுசன இலக்கியம் என்று துப்பறியும் கதைகளை ஒதுக்குவோர் இத்தொடர்பைக் காணத் தவறுவர். மலையகப் புனைகதையின் தோற்றுவாயைத் தேடுவோர், இலண்டன் தேநீர்க்கடையின் அந்த மூலையையும், அதனைக் கற்பனை செய்த பெண்ணையும் கருத்திற் கொள்ளுதல் இன்றியமையாததாகும்.