கணக்கு நோட்டில் பிறந்த நாட்குறிப்பு

புதுச்சேரியைப் பற்றி எழுத வருகிறவர்கள் மஞ்சள் சுவரையும் கடற்கரைச் சாலையையும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் ஊருக்கு அவற்றைவிடப் பழைய சொத்து ஒன்று உண்டு. அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கே தமிழில் எழுதிவைக்கும் பழக்கம்தான் அது. நள வருஷம் ஆவணி மாதம், அதாவது 1736 செப்டம்பர் 6-ஆம் தேதி, ஆனந்தரங்கப் பிள்ளை என்ற வியாபாரி அதைத் தொடங்கினார். 1761 ஜனவரி வரை, நடுவே சில இடைவெளிகள் விட்டு, கால் நூற்றாண்டுக் காலம் எழுதினார்.

வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வரலாறு படித்தவள் இல்லை. அந்தி சாய்வதற்குள் வரவும் செலவும் நேராக வேண்டும் என்ற கவலையிலேயே வேலைக்காலத்தைக் கழித்தவள். அதனால் பிள்ளையின் நாட்குறிப்பில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயும் நவாபும் வருகிற பக்கங்களைவிட, கப்பலில் எத்தனை கட்டுத் துணி ஏறியது, யார் எவ்வளவு பாக்கி வைத்தார் என்ற பக்கங்களில்தான் எனக்கு முதலில் மனம் ஒட்டியது. நம் மொழியின் முதல் பெரிய சொந்த வாழ்க்கை உரைநடை புலவர் வீட்டுத் திண்ணையில் பிறக்கவில்லை, வியாபாரியின் கணக்குப் பழக்கத்தில் பிறந்தது என்பதே என் துணிபு.

பிள்ளை 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளை. அப்பாவின் மைத்துனர் நைனியப் பிள்ளை இங்கே பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் தரகர். அவர் கூப்பிட்டுத்தான் குடும்பம் புதுச்சேரிக்கு வந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே இடி விழுந்தது. ஆளுநர் எபேர் நைனியப் பிள்ளையைச் சிறையில் அடைத்தார், சொத்து பறிபோனது, 1717-இல் சிறையிலேயே அவர் இறந்தார். அவருடைய மகன் குருவப் பிள்ளை கப்பலேறிப் பிரான்சுக்கே போனார். அங்கே கிறிஸ்தவரானார். ஓர்லியான் கோமகன் அவருக்கு ஞானத்தந்தையாக நின்றார். செவாலியே பட்டத்தோடு திரும்பி வந்து, அப்பாவின் பதவியில் உட்கார்ந்து, 1724-இல் காலமானார்.

ஆளுநர் மாறினால் தரகரின் தலையெழுத்தும் மாறும் என்பதைப் பள்ளி வயதிலேயே வீட்டுக்குள் பார்த்த பையன் ஆனந்தரங்கன். யார், எந்த நாளில், யார் முன்னிலையில், என்ன சொன்னார் என்று குறித்துக்கொள்ளும் புத்தி அங்கிருந்துதான் வந்திருக்கும் என்பது என் ஊகம். அவர் எழுத்தில் பேச்சுகள் அப்படியே பேச்சாக வருகின்றன. அவர் இப்படிக் கேட்டார், நான் இப்படிச் சொன்னேன் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. நாளை வழக்கு வந்தால் சாட்சிக்கு ஆகும் என்று எழுதிய மாதிரியே இருக்கிறது.

துபாஷி, அதாவது கும்பினிக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக இருப்பவர், செய்யும் வேலையின் அடிப்படையும் கேட்பதுதான். நெசவாளர் ஊர்களுக்கு முன்பணம் போக வேண்டும். துணி வர வேண்டும். தரம் பிரிக்க வேண்டும். வெளுக்கவும் நீலம் போடவும் வேண்டும். பிறகு கட்டுக் கட்டி ஏற்ற வேண்டும். அன்றைக்கு இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சலங்கு என்ற படகில் அலையைத் தாண்டிச் சரக்கைக் கொண்டுபோய் ஏற்றுவார்கள். ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்கு முன்னால் கப்பல் புறப்பட்டாக வேண்டும். ஒரு கப்பல் தாமதித்தால் வெள்ளைக்காரத் தெருவில் உள்ள கும்பினி அதிகாரி முதல் உள்நாட்டு நெசவாளர் வரை கை காய்ந்துபோகும். ஆகவேதான் கப்பல் வந்ததும் போனதும் கோட்டையில் பீரங்கி முழங்கியதும் அவருக்குச் செய்தி. தொடக்க ஏடுகளில் ஆளுநர் துய்மா காலத்து நாணயச் சாலை உரிமை பற்றிய பேச்சு வருவதும் அதனால்தான். பணம் அச்சிடும் உரிமை கிடைத்தது என்பது வியாபாரியின் காதுக்கு எவ்வளவு பெரிய சேதி!

பயணமும் அந்தப் பிழைப்பில் சேர்ந்ததே. இளம் வயதில் பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையைப் பார்த்துக்கொண்டார். லாலாப்பேட்டையிலும் ஆரணியிலும் கிடங்கு வைத்து, ஐரோப்பியச் சரக்கை அங்கே விற்று உள்ளூர்த் துணியை வாங்கினார். ‘ஆனந்தப்புரவி’ என்று அவருக்குச் சொந்தக் கப்பலே இருந்தது. ஒருமுறை ஆரணிக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போனபோது, கடைக்காரர் விலை சொல்லச் சொல்ல நான் இவரைத்தான் நினைத்துக்கொண்டேன். வந்த இடத்தில் தறி எத்தனை, நூல் என்ன விலை என்று விசாரிக்காமல் அவர் திரும்பியிருக்க மாட்டார். நானும் விசாரித்தேன். பேருந்துக் கட்டணம், சாப்பிட்ட கடை, கூலி பற்றி நெசவாளர் வீட்டம்மா சொன்னது எல்லாவற்றையும் அன்றிரவே எழுதினேன். ஊர் சுற்றுவதில் எனக்குத் தெரிந்த கலை இது ஒன்றுதான்.

இப்படிக் கணக்கில் தொடங்கிய எழுத்து, போகப் போக ஊரையே உள்ளே இழுத்துக்கொண்டது. 1740-இல் மராட்டியப் படை வந்து நவாப் தோஸ்த் அலி கொல்லப்பட்டதும் அவர் குடும்பத்தார் அடைக்கலம் தேடி இங்கே வந்தார்கள். 1742-இல் துய்ப்ளே ஆளுநரானார். அடுத்த ஆண்டில், ஆட்களை ஏமாற்றிப் பிடித்து, அடைத்துவைத்து, அடிமைகளாகத் தீவுகளுக்குக் கப்பலேற்றிய கும்பல் அகப்பட்ட கதையை எழுதுகிறார். 1745-இல் சம்பாக் கோயில் என்ற மாதா கோயிலுக்குள் பறையர்களையும் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றி எழுந்த தகராறை எழுதுகிறார். அதே ஆண்டில், அப்போதைய தலைமைத் துபாஷி கனகராய முதலியார் ஒழுகரையில் மாதா கோயில் கட்டி, எல்லாச் சாதியாருக்கும் விருந்து வைத்ததை எழுதுகிறார். விருந்தைப் பற்றிய வருணனைக்குள் பொறாமையும் கொஞ்சம் புகைகிறது. முதலியார் இருந்த நாற்காலியின்மேல் இவருக்கும் கண். 1746-இல் முதலியார் இறந்தார். இழுபறிக்குப் பிறகு 1747-இல் பதவி பிள்ளைக்கு வந்தது.

1748 செப்டம்பரைப் பற்றிய பக்கங்களை ஒரே மூச்சில் படிக்க என்னால் முடிவதில்லை. ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் ஊரை முற்றுகையிட்ட நேரம். சம்பாக் கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை இடிக்க உத்தரவாகிறது. மூர்த்திகளை அவசரமாக வேறு கோயிலுக்கு எடுத்துப்போகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் இவரிடம் வந்து அழுகிறார்கள். தலைமைத் துபாஷியாக இருந்தும் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. ஆளுநரின் மனைவி மதாம் துய்ப்ளேமேல் ஆத்திரம், ஊரார் ஒற்றுமையாக நிற்கவில்லை என்ற வருத்தம், தன் பதவியைக் காப்பாற்றிக்கொள்ளும் ஜாக்கிரதை மூன்றும் அந்த எழுத்தில் கலந்து கிடக்கின்றன. நல்லவேளை, அவர் எதையும் பிரித்துச் சலித்துச் சுத்தம் செய்யவில்லை. இன்றைக்கும் மிஷன் வீதி மாதா கோயிலை எங்கள் ஊரில் சம்பாக் கோயில் என்றுதான் சொல்கிறோம். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பக்கத்தில் இல்லாத கோயிலும் நினைவுக்கு வருவது அந்தப் பக்கங்களால்தான்.

அவரைப் புலவர்களும் பாடினார்கள். தியாகராச தேசிகர் ‘ஆனந்தரங்கன் கோவை’ பாடினார். சீனிவாச கவி ‘ஆனந்தரங்க விஜய சம்பு’ என்று வடமொழியில் எழுதினார். தெலுங்கிலும் அவர் பெயரில் நூல் உண்டு. அவர்களுக்கெல்லாம் அவர் காவிய நாயகர். நாட்குறிப்பில் வரும் ஆனந்தரங்கன் அப்படிப்பட்டவர் இல்லை. ஜோசியம் பார்ப்பார்; தன்னைத் தானே மெச்சிக்கொள்வார்; துரை முகம் கடுத்தால் தூக்கம் போகும். அவருடைய சாதிப் பார்வை இன்று படிப்பவரை முகம் சுளிக்க வைக்கும். வீட்டுப் பெண்கள் கலியாணத்துக்கும் சாவுக்கும்தான் பெரும்பாலும் தலைகாட்டுகிறார்கள். 1756-இல் பதவி போய், உடம்பும் நலிந்து, வரவேண்டிய பணம் வராமல் எழுதிய கடைசிக் கால ஏடுகளில் முணுமுணுப்பே அதிகம். தமிழும் அப்படித்தான். பேச்சுத் தமிழ், நடுநடுவே பாரசீகம், போர்த்துகீசியம், பிரெஞ்சு. இலக்கணம் பார்த்தால் மதிப்பெண் கிடைக்காது. ஆனால் கோவையைப் படிக்க இன்று ஆள் தேட வேண்டும்; நாட்குறிப்பு கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது.

1761 புத்தாண்டு நாளில் பெரும் புயல் அடித்து, ஊரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்கள் சில மூழ்கின. ஆனாலும் அந்த மாத நடுவில் ஊர் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் சரணடைந்தது. பிள்ளையின் எழுத்து நின்றதும் உயிர் நின்றதும் அதே மாதத்தில்தான். பிறகு ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு மறுபடி வந்து, எழும்பியது.

பழக்கம் அவரோடு போகவில்லை. அவர் குடும்பத்தில் அடுத்த தலைமுறையினரும் எழுதினார்கள். ஊர்க்காவல் பொறுப்பில் இருந்த நயினார் இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய நாட்குறிப்பு ஒர்சே மா. கோபாலகிருஷ்ணன் முயற்சியில் அச்சில் வந்திருக்கிறது. துபாஷிக்கு நெசவும் கப்பலும் என்றால், நயினாருக்குத் தெருவும் சண்டையும். ஒரே ஊர், இரண்டு கண்.

பிள்ளையின் ஏடுகள் 1846 வரை வெளி உலகத்துக்குத் தெரியாமல் கிடந்தன. அந்த ஆண்டில் கலுவா மோம்பிரேன் என்பவர் அவற்றைக் கண்டெடுத்துப் படி எடுக்கச் செய்தார். 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளை மதராஸ் அரசாங்கம் வெளியிட்டது. தமிழில் எழுதியது தமிழில் அச்சேறத் தொடங்கியதோ 1948-இல்தான். இலண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்பவர் 1660-இலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டு எழுதிய நாட்குறிப்போடு ஒப்பிட்டு இவரைப் பாராட்டுவார்கள். பீப்ஸ் சுருக்கெழுத்தில் மறைத்து எழுதியதை அவருடைய நாட்டார் தேடிப் படித்தார்கள். நமக்குப் புரிகிற எழுத்தில் இருந்ததை நாம் பிறமொழிக்காரருக்குப் பின்னால் படித்தோம். எங்கள் ஊர்ப் பிரபஞ்சன் அந்தக் கடனைத் தீர்த்தார். நாட்குறிப்பிலிருந்தே ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்று இரண்டு நாவல்களை எடுத்தார். இரண்டாவது நாவலுக்கு 1995-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நாட்குறிப்பில் ஒரு வரியில் வந்து போகிறவர்களுக்கு அவர் முகமும் குரலும் கொடுத்தார்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ரங்கப்பிள்ளை வீதியில், அவர் வீடு நிற்கிறது. கீழே மரத்தூண், மேலே பிரெஞ்சு பாணியில் சுதைத்தூண். துய்ப்ளே பெயரில் இருந்த தெரு நேரு வீதி ஆகிவிட்டது. துபாஷியின் பெயரில் உள்ள தெரு அதே பெயரில் இருக்கிறது.

என் அப்பா முதலியார்பேட்டை மில்லில் எழுத்தர். அவருடைய வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. 1954 நவம்பர் 1, பிரெஞ்சுக் கொடி இறங்கிய நாள். அன்றைய பக்கத்தில் பால் பாக்கிக்குக் கீழே, கொடி மாற்றினார்கள், தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள் என்று குறித்திருக்கிறார். உணர்ச்சி ஒன்றும் எழுதவில்லை. ஆனால் பால் பாக்கியும் கொடியும் ஒரே பக்கத்தில் இருப்பதில்தான் அந்த நாள் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பது தெரிகிறது. 2011 டிசம்பர் 30, தானே புயல் கரையைக் கடந்த நாளில் நான் எழுதியதும் அதே தினுசுதான்: கொல்லையில் வேம்பு சாய்ந்தது, கரண்டு இல்லை, பால்காரர் வரவில்லை, மெழுகுவத்தி விலை மூன்று மடங்கு. வானிலைத் துறை காற்றின் வேகத்தைச் சொல்லும். மெழுகுவத்தி விலையை நான் எழுதாவிட்டால் யார் எழுதுவார்கள்?

எழுத்தாளராக வேண்டும் என்று என் தெருப் பெண்கள் என்னிடம் வழி கேட்பது உண்டு. கற்பனை தானே வரும், முதலில் இன்றைக்குக் கத்தரிக்காய் என்ன விலை, விற்றவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள் என்பேன். கேலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டு விலைவாசியிலிருந்து இரண்டு நாவல்கள் வந்த ஊர் இது.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் கணக்கு நோட்டு, சித்தப்பா சைகோனிலிருந்து எழுதிய கடிதம், பாட்டியின் சீட்டுக் கணக்கு என்று ஏதாவது இருக்கும். வீடு இடித்துக் கட்டும்போது அவை முதல் வேலையாகப் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். ஒரு மாலை உட்கார்ந்து புரட்டுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் 1827-இலிருந்து இருக்கும் ரோமன் ரோலான் நூலகத்திலோ, பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலோ, தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிக் கிளையிலோ போய்க் கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் ஏடுகள் எண்பத்தைந்து ஆண்டுகள் அச்சும் புகழும் இல்லாமல் பிழைத்ததற்குக் காரணம், அவர் வீட்டார் அவற்றை எடைக்குப் போடாததுதான்.