கல்லீரலும் உள்ளுடலும்: வியட்நாமிய உணர்ச்சிச் சொற்களின் வரலாற்றுப் பின்னணி

மொழியின் சொற்கள் சமுதாய வரலாற்றின் படிவுகளாகும். வியட்நாமிய மொழியில் துணிவு, அன்பு, துயர் ஆகியவற்றைச் சுட்டும் சொற்கள் பல உள்ளுறுப்புகளின் பெயர்களாகவே அமைந்துள்ளன. இதனைத் தொன்மை மக்களின் பேதைமை எனக் கொள்வது பொருந்தாது. அச்சொற்களிடையே வேறுபட்ட வரலாற்றுப் படைகளை இனங்காண முடிகின்றது.

கல்லீரலைக் குறிக்கும் 'கான்' என்னும் சொல் துணிவையும் குறிக்கும். துணிந்தவன் 'பெரிய கல்லீரலுடையவன்' எனப்படுவான். இச்சொல் சீனத்திலிருந்து மிக முற்பட்ட காலத்திற் பெறப்பட்ட கடனாகும். கி.மு. 111 முதல் கி.பி. 938 வரை, இடைக்காலத் தன்னாட்சிகள் நீங்கலாக, செவ்வாற்று வடிநிலம் சீன ஆட்சிக்குட்பட்டிருந்தது. தாங் அரசர் காலத்து ஏட்டு வழக்கின் வாயிலாக அதே சீனச் சொல் மீண்டும் வந்து, பித்தப்பையைக் குறிக்கும் சொல்லுடன் இணைந்து, 'கான் தாம்' என வீரத்தைச் சுட்டலாயிற்று. தமிழெழுத்தில் ஒன்றெனத் தோன்றினும், முன்னைய 'கான்' மெலிந்தும் பின்னையது வலிந்தும் ஒலிக்கும். மக்கள் நாவில் வழங்கித் திரிந்தது முன்னையது. கற்றோர் ஏட்டிலிருந்து வந்தது பின்னையது. இதயத்தைச் சுட்டும் 'திம்', 'தம்' என்பனவும் இத்தகைய இணையே.

ஆயினும், உறவையும் அன்பையும் சுட்டுமிடத்து ஏட்டு வழக்கு முழுமையாக மேலோங்கவில்லை. குடலைக் குறிக்கும் 'ருவொட்' ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்தின் தொல்சொல். உடன்பிறந்தாரை வேறுபடுத்திக் கூற இன்றும் அதுவே வழங்குகின்றது. நற்குணமுடையோர் 'நல்ல வயிறுடையோர்' ஆவர். இவ்வகையில் 'லொங்' என்னும் சொல் தலையாயது. விலங்கின் உள்ளுறுப்புகளையிட்டுக் காய்ச்சும் கஞ்சியின் பெயரில் அதன் பழம்பொருள் எஞ்சியுள்ளது. மனித மனத்தைச் சுட்டுவதும் அதுவே. ஆற்றின் உட்படுகையும் உள்ளங்கையும் அதனாலேயே பெயர் பெற்றன. நமது 'உள்ளம்' ஈண்டு ஒப்புநோக்கற்பாலது. நோம் எழுத்து முறையில் இச்சொல்லை எழுதியோர், ஒலிக்கு ஒரு சீன எழுத்தையும் பொருளுக்கு 'இதயம்' என்னும் எழுத்தையும் சேர்த்தமைத்தனர். எழுத்து இதயமென்றது, பேச்சு உள்ளுடலென்றது.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1400 இல் ஹோ குய் லீ அரியணையைக் கைப்பற்றினார். மிங் படையெடுப்பை எதிர்நோக்கி 1405 இல் கூடிய அரசவையில், அவர் மகன் ஹோ நுயென் துருங், தாம் போருக்கு அஞ்சவில்லை என்றும், மக்களின் மனம் தம்மைப் பின்பற்றுமோ என்றே அஞ்சுவதாகவும் உரைத்தார். 1407 இல் அவ்வாட்சி வீழ்ந்தது. சீன மொழியில் எழுதப்பட்ட அரச வரலாறு அதனை 'மக்களின் இதயம்' எனப் பதிவுசெய்தது. வியட்நாமியர் இன்று அக்கூற்றை நினைவுகூருகையில் 'மக்களின் லொங்' என்றே மொழிகின்றனர். ஆளுவோர் ஏட்டுச் சொல் எத்துணைச் செல்வாக்குற்றபோதும், மக்களின் ஒப்புதலுக்குப் பெயரிடும் உரிமை மக்கள் மொழியிடமே எஞ்சியது எனலாம்.