மூளிக்காதும் பண்டை இரணவைத்தியமும்

காதணியை மங்கலக் குறியாகப் போற்றுதல் நம்மனோர் தொன்றுதொட்ட வழக்கம். அணியின் பாரத்தால் அறுந்த காதினை ‘மூளிக்காது’ என்றும், அதனையுடையாளை ‘மூளி’ என்றும் இகழ்வதோ, அதனோடு ஒட்டி வளர்ந்த தீய வழக்கம். காது அறுதல் இழிவன்று, புண்ணேயாம். புண்ணாதலின் அதற்குப் பரிகாரமும் உண்டு. இதனைப் பண்டை நூல்கொண்டு ஈண்டுக் காட்டப் புகுகின்றோம்.

காது வளர்த்தல் தமிழ்நாட்டில் மிகப் பழையது. பொருநராற்றுப்படை பாடினியின் காதினை மயிர் குறைக்குங் கருவியின் கடைப்பகுதிக்கு உவமித்து, அது குழையின் பாரந் தாங்குவதையுங் கூறும். பிற்காலத்தே பாண்டிநாட்டுச் சிற்றூர்களில் இளம்பருவத்திலேயே காதைத் துளைத்து, பஞ்சும் ஓலைச்சுருளுஞ் செருகி, பின்னர்க் குணுக்குகளைத் தொங்கவிட்டுத் துளையைப் பெருக்கினர். தோளளவு வடிந்த காதிலே பாம்படமும் தண்டட்டியும் ஊசலாடின. இவ்வாறு மெலிந்த தசை, மடியிலிருக்குங் குழந்தை பற்றி இழுப்பினும், கள்வர் அணியைப் பறிப்பினும் இரண்டாய் அறுந்துபோம்.

இதற்குரிய சிகிச்சையை வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை விரித்துரைக்கின்றது. அதன் சூத்திரத்தானத்து 16 ஆம் அத்தியாயம் காது குத்துதலையும் அறுந்த காதைப் பொருத்துதலையும் ஒருங்கே கூறும். காப்பின்பொருட்டும் அணியின்பொருட்டும் காது குத்துக என்று விதித்த ஆசிரியரே, பெருக்கிய காது தோடத்தாலேனும் அடிபட்டேனும் பிளவுபடும் என்பதை மறையாது சொல்லி, பொருத்தும் வகை 15 எனத் தொகுத்தார்.

பிளவின் இரு விளிம்பையுங் கருவியாற் சுரண்டிப் புதுப்புண்ணாக்குக, மேடுபள்ளமின்றி இணைக்குக, தேனும் நெய்யும் பூசிப் பஞ்சுந் துணியும் வைத்து, நூலால் மிக இறுகாமலும் மிக நெகிழாமலுங் கட்டுக என்பது அவர் நெறி. விளிம்பைப் புதுப்பிப்பது எற்றுக்கெனின், ஆறித் தோல் மூடிய விளிம்புகள் எத்துணை நாள் சேர்த்துக் கட்டினும் ஒட்டா; புதுப்புண்ணே புதுப்புண்ணோடு கூடும். காதின் தொங்குதசை அறவே இல்லாதார்க்குக் கன்னத்துத் தசையை உரித்தெடுத்து அமைக்கவும் விதித்தார். அத்தசையின் ஒருபுறம் கன்னத்தோடு பொருந்தியே இருத்தல் வேண்டும் என்றது நுண்ணிது. தொடர்பு அறாத தசைக்கே குருதியோட்டம் உண்டு, அதுவே உயிரோடிருக்கும்.

இவ்வத்தியாயத்தின் இறுதியில் அறுந்த மூக்கினை அமைக்கும் வகையுங் கூறப்பட்டுளது. புனா நகர்ப்பக்கத்தே நெற்றித்தோலால் மூக்கமைத்த செய்தி 1794 இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது; அதனையறிந்த கார்ப்யூ என்னும் ஆங்கில வைத்தியர் 1814 இல் அம்முறையைக் கையாண்டு வெற்றி கண்டார். மூக்கின் கதையை உலகறியும். காதின் கதையை அறிவார் சிலரே.

20 ஆம் நூற்றாண்டிற் காலப்போக்கு மாறிற்று. வடிகாதைப் பெருமையென்று எண்ணிய ஊர்களிலேயே அது நாணத்தக்கதாயிற்று. இளம்பெண்டிர் பலர் மருத்துவமனையிற் காதை அறுத்துத் தைத்துக்கொண்டனர். பாட்டியின் பாம்படம் உருகிப் பெயர்த்தியின் கம்மலாயிற்று. இக்காலத்து வைத்தியர் அவ்விடத்தை மாத்திரம் மரக்கச்செய்து, விளிம்பை அரிந்து தைக்கின்றனர். சில திங்கள் சென்றபின், தழும்பை விலக்கியே மீண்டுங் குத்துவர். நன்கு ஆறி, நோவின்றி, உறுதிபெற்ற காதையே மெல்லப் பெருக்குக என்று சுசுருதருங் கூறினார். கருவியும் மருந்தும் வேறாயினும் நெறி ஒன்றேயாதல் காண்க.

ஆதலின் நம் சங்கத்துக் குடும்பத்தார்க்கு யாம் வேண்டுவன மூன்று. குழவியின் காதிற் பாரமான அணியைப் பூட்டற்க. காது அறுந்த பெண்ணை மணத்திற்கும் மங்கலத்திற்கும் ஆகாதவளென ஒதுக்காது, தேர்ந்த வைத்தியரிடம் அழைத்துச் செல்க. வடிகாதோடு வாழ்ந்த முதியோளைக் கண்டு சிறார் நகுவாராயின், அக்காது ஒருகாலத்தில் இக்குலத்தின் செல்வத்தையே சுமந்தது என்று அவர்க்கு உணர்த்துக. ‘மூளி’ என்னும் வசைச்சொல் நம் இல்லங்களினின்றும் ஒழிவதாக!