ஆற்றைக் கடந்த ஊர்

ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா ஆகிய இரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடுவது மர்ரே நதி. அதன் வடகரையில் கம்மரகஞ்சா என்னும் சிற்றூர் இருக்கிறது. பிறர் வகுத்த வேலிக்குள் குடியமர்த்தப்பட்ட மக்கள் அவ்விடத்தைத் தம் உழைப்பால் சொந்த ஊராக்கிக் கொண்டதும், அதன் மீதுள்ள உரிமைக்காகவே ஒரு நாள் அதைவிட்டு வெளியேறியதும் அவ்வூரின் சரித்திரம்.

அந்நதியின் இரு கரைகளும் யோர்ட்டா யோர்ட்டா என்னும் ஆதிக்குடியினரின் பூர்விக பூமி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆடுமாடு வளர்க்கும் வெள்ளையர்கள் அங்கே பரவி நிலத்தைக் கைப்பற்றினர். எஞ்சிய மக்களுக்காக, 1874-ஆம் ஆண்டில் டானியல் மாத்யூஸ் என்ற சமயத் தொண்டர் மலோகா என்னுமிடத்தில் ஒரு நிலையத்தை நிறுவினார். அங்கு வாழ்ந்தோர் 1881-இல் கவர்னருக்கு விண்ணப்பம் எழுதி, தாமே உழுது வாழ நிலம் கேட்டனர்.

அதே ஆண்டில் ஓர் இளைஞர் மலோகாவுக்கு ஆசிரியராக வந்தார். மொரீஷியஸ் தீவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த தாமஸ் ஷேட்ராக் ஜேம்ஸ் என்பவரே அவர். அச்சமூகத்துப் பெண்ணையே மணந்து, ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அங்கே கல்வி புகட்டினார். அந்தக் கல்வியின் பயன் பின்னர் விளங்கிற்று.

1883-இல் சுமார் 1,800 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 1888-இல் மக்கள் மலோகாவிலிருந்து அங்கு இடம் பெயர்ந்து கம்மரகஞ்சாவை உருவாக்கினர். காடு திருத்திக் கோதுமை விளைவித்தனர். சில குடும்பங்களுக்குத் தனித்தனியே வயல்களும் கிடைத்தன. ஆனால் 1907-இல் அவ்வயல்கள் திரும்பப் பறிக்கப்பட்டன. 1915-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமோ, நீதிமன்றத்தின் உத்தரவின்றியே பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் அதிகாரத்தைப் பாதுகாப்பு வாரியத்திற்கு வழங்கியது.

ஜேம்ஸிடம் கல்வி பயின்றவர்களுள் ஒருவர் வில்லியம் கூப்பர். ஒதுக்கு நிலத்தில் வாழ்வோருக்கு முதியோர் உதவித்தொகை இல்லையாதலால், எழுபது வயதைக் கடந்த நிலையில் அவர் மெல்போர்னுக்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்தபடியே, பாராளுமன்றத்தில் தம் மக்களுக்குப் பிரதிநிதித்துவம் கோரி, மன்னருக்கான விண்ணப்பத்தில் 1,814 பேரின் ஒப்பங்களைத் திரட்டினார். 1937-இல் அது அரசாங்கத்திடம் அளிக்கப்பட்டது. மறு ஆண்டில், அதனை மன்னருக்கு அனுப்புவதில்லையென்று மந்திரிசபை முடிவு செய்தது.

காகிதம் பயன் தராதபோது மக்கள் காலால் பேசினர். அரைகுறை உணவும் நிர்வாகியின் கெடுபிடியும் பொறுக்க முடியாமல், 1939 பிப்ரவரி 4-ஆம் நாள் ஏறத்தாழ இருநூறு பேர் ஆற்றைக் கடந்து விக்டோரியாவிலுள்ள பார்மாவில் கூடாரமடித்துத் தங்கினர். அவர்களைத் தூண்டியதாக அவ்வூரில் பிறந்த தலைவர் ஜாக் பேட்டன் கைது செய்யப்பட்டார். பலர் பின்னர் திரும்பவேயில்லை. எனினும் 1940-இல் பாதுகாப்பு வாரியம் கலைக்கப்பட்டு, அதனிடத்தில் நலவாரியம் அமைந்தது.

1953-இல் அரசாங்கம் நிலையத்தை மூடிய பின்னரும் சில குடும்பங்கள் ஊரைவிட்டு அகலவில்லை. அவ்வூரில் 1906-இல் பிறந்த டக்ளஸ் நிக்கல்ஸ், 1976-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கவர்னரானார். கவர்னருக்கு விண்ணப்பித்த ஊரிலிருந்தே ஒரு கவர்னர் தோன்றினார்.

நில உரிமையோ 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாகவே அம்மக்களின் சபைக்குக் கிட்டியது. 1881-இல் கேட்ட கேள்விக்கு விடை வர நூறாண்டுகளுக்கு மேலாயிற்று.