முதல் ஆல்கலி ஆய்வாளர்

இன்று சுற்றுச்சூழல் வேதியியல் படித்த ஒருவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலோ நீர்ப் பரிசோதனைக் கூடத்திலோ வேலைக்குச் சேர்வது வியப்பான செய்தி அன்று. அப்படியொரு பணியிடமே இல்லாத காலத்தில் அதை ஏற்றவர் இராபர்ட் அங்கசு சுமித் (1817–1884). இசுக்காட்லாந்தில் பிறந்த இவர், செருமனியின் கீசன் நகரில் லீபிக்கிடம் வேதியியல் பயின்று 1841-இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் மான்செசுட்டரில் குடியேறி, அந்நகரின் காற்றையும் மழையையும் பகுத்தாய்ந்தார். நகர மழைநீரில் கந்தக அமிலம் இருப்பதை 1852-இலேயே எழுதினார்.

அக்காலத்தில் சோப்பு, கண்ணாடி, துணித் தொழில்களுக்கு வேண்டிய சலவைச் சோடா லெபிளாங்கு முறையில் செய்யப்பட்டது. உப்புடன் கந்தக அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்குவது அதன் முதல் படி. அதில் கிளம்பும் ஐதரசன் குளோரைடு வளிமம் புகைபோக்கி வழியே வெளியேறி, சுற்றுவட்டாரப் பயிர்களையும் மரங்களையும் கருக்கியது. நீர் வழியும் கோபுரத்துக்குள் செலுத்தி இவ்வளிமத்தைக் கரைத்துவிடலாம் என்று வில்லியம் காசேச்சு 1836-இல் காட்டியிருந்தும், எல்லா ஆலைகளும் அதைப் பொருட்படுத்தவில்லை. நிலக்கிழார்களின் புகார் 1862-இல் பிரபுக்கள் அவையின் விசாரணைக்கு வந்தது. (தொழிலாளரின் இருமலைவிட நிலக்கிழாரின் மரங்களுக்கே அங்கு மதிப்பு அதிகம்.) அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட ஆல்கலி சட்டம், வளிமத்தில் 95 விழுக்காட்டையாவது ஆலைகள் அடக்க வேண்டும் என்றது. அதைக் கண்காணிக்கும் முதல் ஆய்வாளராகச் சுமித் அமர்த்தப்பட்டார்.

வழக்குத் தொடுப்பதைவிட, கோபுரத்தைச் சரிசெய்ய ஆலைக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பதையே அவர் விரும்பினார். முதலாளிகளிடம் இளக்கம் காட்டினார் என்ற குறை அவர்மீது உண்டு. ஒரு சில உதவியாளர்களுடன் நாடு முழுவதையும் சுற்ற வேண்டியிருந்தவருக்கு வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை. உண்மையான கோளாறு சட்டத்தில்தான் இருந்தது. ஆலைகள் பெருகப் பெருக, தப்பிச் செல்லும் 5 விழுக்காடும் பெருகியது. கரைத்த அமிலமோ ஆறுகளில் கொட்டப்பட்டது. விழுக்காட்டுடன், புகையின் ஒரு கன அடிக்கு இவ்வளவு அமிலம்தான் இருக்கலாம் என்ற வரம்பும் 1874-இல் சேர்க்கப்பட்டது.

இதற்கிடையே 1872-இல் 'காற்றும் மழையும்' என்ற பொருள்படும் நூலைச் சுமித் வெளியிட்டார். பல இடங்களில் திரட்டிய மழைநீரின் பகுப்பாய்வு முடிவுகள் அதில் உள்ளன; 'அமில மழை' என்ற சொல்லையும் அதில் ஆண்டார். நகரங்களில் அந்த அமிலத்துக்கு முதன்மைக் காரணம் நிலக்கரிப் புகை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால், நிலக்கரிப் புகை அவரது அதிகாரத்துக்குள் வரவில்லை. 1960-களில் சுவீடனின் சுவாந்தே ஓடன் அமில மழையைப் பற்றி எழுதும்வரை அந்நூல் பெரும்பாலும் மறக்கப்பட்டே கிடந்தது.